மதுரையில் கொசு வளர்ப்பு: முதலீடில்லாக் குடும்பத் தொழில்

ஆடு வளர்த்தால் தழை ஒடிக்கணும். கோழி வளர்த்தால் கீரிக்குக் காவல் இருக்கணும். இரண்டுக்கும் உடம்பு வணங்காதவர்களுக்காக இந்த வழிகாட்டி.

இடம்: பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இருபோகப் பூமி 45,041 ஏக்கர். நாற்று நட்டுத் தண்ணீரைக் கட்டுங்கள், க்யூலெக்ஸ் கொசு தானாக வந்து முட்டையிடும். பத்து நாளில் றெக்கை முளைத்துவிடும். எந்த நாட்டுக்கோழிக்கு இந்த வேகம் உண்டு?

தண்ணீர்: தொழில் ரகசியமே இதுதான். வயல் ஒருநாளும் காயக் கூடாது. “காய்ச்சலும் பாய்ச்சலுமா விடுப்பா, தூர் நல்லாக் கட்டும்” என்பார் பக்கத்து வயல் பெரியவர். காதில் வாங்காதீர்கள். ஈரம் வற்றினால் கொசுப்புழு செத்துப்போகும்.

உரம்: யூரியாவோடு வேப்பம்புண்ணாக்கைக் கலக்கச் சொல்வதும் அதே பெரியவர்தான். வேம்பு புழுவுக்கு ஆகாது. வெறும் யூரியாவையே வீசுங்கள்.

பங்காளிகள்: இந்தத் தொழிலின் விளைச்சல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். கொசு மட்டும் இருந்தால் அது விளையாது. கிருமி குடியிருப்பது கொக்கிலும் மடையானிலும். குட்டி போட்டுப் பெருகுவது பன்றியின் ரத்தத்தில். ஆகவே பன்றிகளைத் தெருவில் அவிழ்த்துவிடுங்கள். மாட்டைக் கொசு ஆசையாகக் கடிக்கும், ஆனால் கிருமி அங்கே பெருகாது. மனிதனும் அப்படித்தான். நோயில் விழுவானே தவிர, அடுத்த கொசுவுக்குக் கிருமியைத் திருப்பித் தரமாட்டான். கொசுவின் கணக்கில் நாம் வாராக்கடன்.

எதிரிகள்: 1985-இல் ஐ.சி.எம்.ஆர். மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. பொழுது சாய்ந்ததும் டார்ச்சும் உறிஞ்சுகுழாயுமாக மாட்டுத்தொழுவத்துக்கு வருகிறவர்கள் அங்கிருந்துதான் வருவார்கள்.

“என்னண்ணே, மாட்டுக்கு ஊசியா?”

“இல்லண்ணே, கொசு பிடிக்க வந்தோம்.”

சிரிக்காதீர்கள். விட்டு விட்டுத் தண்ணீர் பாய்ச்சினாலும், வேப்பம்புண்ணாக்கு சேர்ந்த யூரியாவைப் போட்டாலும் புழு குறைகிறது என்று வயலில் சோதித்து 1990-களில் எழுதி வைத்தவர்கள் இவர்கள். பெரியவருக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

தடுப்பூசி: நம் நாட்டில் இந்த நோயை முதலில் அடையாளம் கண்டது 1955-இல், வேலூர்ப் பக்கம். குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் வந்தது 2006-இல். நடுவில் அரை நூற்றாண்டு, தொழிலுக்குப் பொற்காலம். இப்போது நோய் உள்ள மாவட்டங்களில் ஒன்பதாம் மாதம் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று என்று இலவசமாகப் போடுகிறார்கள். நர்சம்மா வந்தால், “பிள்ளை அம்மாச்சி வீட்டுக்குப் போயிருக்கு” என்று கதவைச் சாத்துங்கள். இந்த நோயைத் தீர்க்கத் தனி மருந்து கிடையாது. படுத்த பிள்ளைகளில் சிலர் எழுவதில்லை. எழுந்த பலருக்குக் கையோ காலோ பேச்சோ பழையபடி வருவதில்லை. அந்த வீடுகளின் பக்கம் மட்டும் போகாதீர்கள், தொழில் செய்ய மனசு வராது.

மகசூல்: சொன்னபடி செய்தால் தவறாது. பாய்ச்சல் முழுக்க வயலுக்கு. காய்ச்சல் முழுக்க வீட்டுக்கு.