சிக்கனவியல்: ஐயப்பன்தாங்கல் படலம்

கையை இறுக்கும் குணத்துக்குத் தமிழில் பெயருக்குப் பஞ்சமே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நம் முன்னோர் தாராளமாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

முதலாவது சிக்கனம். வேர் 'சிக்கு', இறுக்கம் என்று பொருள். மாணிக்கவாசகர் இறைவனைப் பிடித்த 'சிக்கென'வும் இந்த வேர்தான். நம்மவர் பிடித்தது பர்ஸை. தலைமுடிச் சிக்கும் உடன்பிறப்பு. அப்பளம் பொரித்த எண்ணெயை வடிகட்டி, மறுநாள் வடைக்கும், அதற்கு மறுநாள் தாளிக்கவும் எடுக்கும் வீட்டில் எழுகிற சிக்கு வாடையும் இதே குடும்பமா என்பதில் பண்டிதர்கள் சண்டை போடலாம். சமையலறைக்குள் வந்து பார்த்தவருக்குச் சந்தேகம் இராது.

இரண்டாவது செட்டு. வணிகம் என்றும் பொருள் உண்டு; ஆகவே கௌரவமான சொல். 'கட்டும் செட்டுமா குடித்தனம் பண்றா' என்று மாமியாரே சொல்லக்கூடியது.

மூன்றாவது இவறல். திருக்குறள் 44ஆம் அதிகாரத்தில் அரசன் விலக்கவேண்டிய குற்றங்களோடு வள்ளுவர் இதைச் சேர்த்தார். இன்று அரசனும் இல்லை, சொல்லும் புழக்கத்தில் இல்லை. குணம் மட்டும் மக்களாட்சிக்கு மாறிவிட்டது.

உலோபம் வடமொழிச் சரக்கு, கஞ்சூஸ் இந்துஸ்தானி. பிசினாரியைக் கேட்டாலே விரல் ஒட்டுகிறது.

இனி ஐயப்பன்தாங்கலில் கள ஆய்வு. ஆவின் பாக்கெட்டைப் பாத்திரத்தில் கவிழ்த்தபின், உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு அலம்பி அதையும் பாலோடு சேர்ப்பது சிக்கனம். காலி கவரைக் காயவைத்துப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவது செட்டு. வந்த விருந்தாளியிடம், "இப்பதான் காபி குடிச்சிட்டு வந்திருப்பீங்க, இல்ல?" என்பது பிசினாரித்தனம். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், ரேஷன் கடை முதல் வடபழனி வரை எல்லா வேலைக்கும் மனைவியையே அனுப்புகிற கணவர் எந்த வகை? அதை அந்த அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

ஐயப்பன்தாங்கலிலிருந்து காட்டுப்பாக்கம் தாண்டினால் குமணன்சாவடி. புலவருக்குத் தன் தலையையே தரத் துணிந்த குமணன் ஆண்டது முதிரமலை. இது பூந்தமல்லி சாலை. இங்கே ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்குகிறவர் பாக்கி ஐந்து ரூபாயைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் நகர்கிறார். என் தீர்ப்பில் அது சுத்தச் சிக்கனம். கஞ்சத்தனம் என்று வாதிடுபவர் அந்த ஐந்து ரூபாயைத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வாதிடலாம்.