துரை கை கொடுப்பதில்லை

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் வளர்ந்த காலத்தில் துரையின் கையைப் பார்த்தவர்கள் உண்டு, தொட்டவர்கள் இல்லை. அது பிரம்பு பிடிக்கும், சுங்கான் பிடிக்கும், அவருடைய நாயின் கழுத்தைத் தடவிக் கொடுக்கும். நிர்வாகமும் தொழிலாளியும் கையோடு கை சேர்ந்தது சம்பள நாளில் மட்டும்தான். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் பெருவிரலைக் கிராணி இரண்டு விரலால் பிடித்து, மைப்பெட்டியில் ஒற்றி, செக்ரோல் புத்தகத்தில் இடமும் வலமுமாக உருட்டுவார். உடனே தன் விரல்களைத் துணியில் துடைத்துக்கொள்வார். மை பட்டதால்தான் துடைக்கிறார் என்று என் பாட்டி சாகும்வரை நம்பினாள்.

ஒருவர் கை கொடுக்கும் விதத்தை வைத்தே அவர் குணத்தைச் சொல்லிவிடலாம் என்கிறார்கள் இப்போது. அந்தக் காலத்தில் ஆளை எடைபோடக் கை தேவைப்படவில்லை, சைக்கிள் போதும். எதிரே துரை வந்தால் இறங்கி ஓரமாக நிற்பவன் நல்ல ஆள், மிதித்துக்கொண்டே போகிறவன் திமிர் பிடித்தவன். 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில் சம்பள உயர்வோடு இதையும் கேட்டார்கள்: அதிகாரிகளைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். எங்கள் காலத்தில் அந்த வழக்கமெல்லாம் போய்விட்டது என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லி வாய் மூடுவதற்குள் லேண்ட்ரோவர் சத்தம் கேட்டால் கை தானாகப் பிரேக்குக்குப் போகும்.

அப்பா ஸ்டோரில் பால் நிறுத்துவிட்டு வரும்போது முழங்கைவரை ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். திண்ணையில் உட்கார்ந்து மெல்ல உரித்து எங்களிடம் கொடுப்பார். நாங்கள் அதை உருட்டிப் பந்து செய்வோம். உளி பிடித்துப் பிடித்து ஆள்காட்டி விரலுக்கு அடியில் காய்ப்புக் காய்த்திருந்தது. அந்தக் கையை யாராவது குலுக்கியிருந்தால் அலறியிருப்பார்கள். யாரும் குலுக்கவில்லை. ஆம்பளைகள் சந்தித்தால் "என்ன மச்சான், சோறாச்சா?" அவ்வளவுதான். பெரியவர் என்றால் தோள் துண்டு கைக்கு இறங்கும்.

அப்பாவுக்குக் கை கொடுத்த ஒரே மனிதர் பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர். டுரியான் காலத்தில் சைக்கிளில் கூடை கட்டி வருவார். அவர் கொடுப்பதைக் கை என்றுகூடச் சொல்ல முடியாது, விரல் நுனிதான். இரண்டு கையாலும் அப்பாவின் கையை லேசாகத் தொட்டு, தொட்ட கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொள்வார். எத்தனை சோப்புப் போட்டாலும் பால் வீச்சம் போகாத கை, அப்பாவின் கை.

இன்று என் மருமகன் காப்புறுதி முகவர். ஆயர் குரோவில் ஒரு ஹோட்டலில் அவருக்குப் பயிற்சி. கழுத்தில் அட்டை, இடைவேளைக்குப் பலகாரம், மேடையில் தன்முனைப்புப் பேச்சாளர். டை கட்டிய தமிழ்ப் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக நின்று மதியம்வரை ஒருவர் கையை ஒருவர் குலுக்கினார்களாம். உள்ளங்கை கீழ்ப்பார்த்து வந்தால் ஆதிக்க குணம், மேல்பார்த்து வந்தால் அடங்கிப் போகிற குணம், துவண்டு வந்தால் தன்னம்பிக்கை போதாது, விரல் நுனியை மட்டும் கொடுத்தால் மனசில் கள்ளம். டுரியான்காரரின் ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, மாப்பிள்ளையாயிற்றே.

இதற்கு ஆராய்ச்சியும் இல்லாமலில்லை. அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் சாப்ளினும் அவர் குழுவினரும் 112 மாணவர்களின் கையை, பழக்கியெடுத்த நான்கு பேரைக் கொண்டு குலுக்க வைத்து மதிப்பெண் போட்டு 2000ல் வெளியிட்டார்கள். உறுதியாகக் குலுக்கியவர்கள் ஓரளவு கலகலப்பானவர்கள், கூச்சமும் பதற்றமும் குறைந்தவர்கள் என்று வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் கை என்பதை மறக்கக் கூடாது. விடிகாலையில் மரம் சீவிவிட்டு வந்த கை அதில் இருந்திருக்காது. அப்பாவின் கை அந்த நாலு பேரிடம் அகப்பட்டிருந்தால் மகா கலகலப்பான மனிதர் என்று எழுதியிருப்பார்கள். அவர் ஒரு நாளைக்குப் பேசியதே நாலு வார்த்தை, அதிலும் இரண்டு மாட்டிடம்.

பிடியின் பலம் வேறொன்றைச் சொல்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த ஆராய்ச்சி. மலேசியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரின் கைப்பிடியை அளந்து, 2015ல் லான்செட் இதழில் எழுதினார்கள். பிடியில் 5 கிலோ குறைவு என்றால் சாகும் அபாயம் 16 சதவீதம் கூடுதல். "மாப்பிள்ளை, உங்க தொழிலுக்குக் குணத்தவிட இதுதானே உபயோகம்?" என்றேன். சிரிப்பார் என்று பார்த்தால், குறித்துக்கொண்டார்.

அரசியல்வாதியின் கை தனி ஜாதி. 1960ல் ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டு போட்டு விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளிகளே சேர்ந்து வாங்கலாம் என்றபோது, அப்பா பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு எடுத்தார். தலைவரின் கையைப் பிடித்துப் பார்த்து எடுத்த முடிவல்ல அது. இப்போதைய மாண்புமிகுகள் நம் கையைப் பிடித்துக்கொண்டே அடுத்த ஆளைப் பார்த்துச் சிரிப்பார்கள். படம் எடுத்து முடிந்தால்தான் நம் கை நமக்கு. 2021 நவம்பர் 20ஆம் தேதி மலாக்கா சட்டமன்றத் தேர்தல் வந்தபோது இதற்கும் சோதனை. கோவிட் பயத்தால் அக்டோபர் 25 முதல் நவம்பர் 27 வரை தேர்தல் கூட்டங்களுக்குச் சுகாதார அமைச்சு தடை போட்டது. வாசலுக்கு வந்து கையைப் பிடிக்கும் சடங்கும் அடங்கிப்போனது. கைப்பேசிக்குள்ளிருந்து நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார்கள். 28 தொகுதிகளில் 21ஐத் தேசிய முன்னணி பிடித்தது. ஆளைத் தொட்டுப் பார்க்காமலே ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள், தொட்டுப் பார்த்த காலங்களில் போட்டதைவிட மோசமாகப் போட்டதாகத் தெரியவில்லை.

அண்மையில் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனேன். ரப்பர் போய்ச் செம்பனை. லயங்கள் இருந்த இடம் தெரியவில்லை, மாரியம்மன் மட்டும் புது ஓட்டுக்குக் கீழே இருக்கிறாள். நிர்வாகி நம் பிள்ளை. நாலு சக்கர வண்டியிலிருந்து குதித்து இறங்கி, "வாங்க ஐயா" என்று கையை நீட்டினார். உறுதியான பிடி, கண்ணுக்கு நேராகப் பார்வை, மூன்று குலுக்கல், அளவான சிரிப்பு. அசல் ஆயர் குரோ சரக்கு. அப்பா இங்கே மரம் சீவியவர் என்றதும் இன்னொரு தரம் குலுக்கினார். பொய் சொல்வானேன், இதமாகத்தான் இருந்தது. இந்தத் தோட்டத்து நிர்வாகியின் கையைத் தொட்ட முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான்.

பேசிக்கொண்டிருக்கும்போது குலை வெட்டும் பங்களாதேஷ் பையன்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். நிர்வாகியின் வண்டியைக் கண்டதும் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, ஓரமாக நின்றார்கள்.

"யாரும் எறங்கச் சொல்லல ஐயா, அவங்களாவே எறங்குறாங்க" என்றார் அவர், நான் கேட்காமலே.