இருட்டுக்கு மனுச் செய்தவர்

ஆயுளின் பெரும்பகுதியை ஏலத்தோட்டத்துக் கணக்குப்பிள்ளையாகக் கழித்துவிட்டு, போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடைசி முறையாக இறங்கி, சிலமலையில் சொந்த வீட்டுத் திண்ணையில் வந்து அமர்கிற மனிதருக்கு, அதிகாரம் செலுத்த ஆள் இல்லையே என்கிற வியாகூலம் ஒன்று உண்டு. தோட்டத்து ஆட்கள் காலி செய்த ஸ்தானத்தை ஏற்க மனைவி மறுத்துவிடுகிறாள். பிள்ளைகளோ சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். ஆகவே அவர் தொட்டிகளில் செவ்வந்தி வளர்க்கத் தொடங்குகிறார். மலையடிவாரத்து ஊர்களில் தெருவுக்கு ஒருவராவது இப்படி உண்டு. வலது கைக் கட்டைவிரல் நகத்தில் அழியாத பச்சைக் கறை படிந்திருந்தால் அவரே இவர் என்று நிச்சயிக்கலாம்.

அதே ஊரில் காட்டில் செவ்வந்தி போடும் சம்சாரி, நாற்றை நட்டு, நுனியைக் கிள்ளிவிட்டு, ஆயுத பூஜை சமயத்தில் சீலையம்பட்டிப் பூச்சந்தையில் விலை நிற்குமா, சரியுமா என்கிற ஒரே கவலையோடு உறங்கப் போய்விடுவார். நம் கணக்குப்பிள்ளைக்கு அவ்வளவு லகுவான நித்திரை வாய்ப்பதில்லை. பழைய தூரிலிருந்து வைகாசியில் பக்கக் கன்றுகளைப் பிரித்து நட்ட அன்றே, தொட்டிக்கு ஒரு பக்கமாகப் பேரேடு திறந்துவிடுவார். அசுவினி வந்தால் வரவு. வேப்பெண்ணெய் தெளித்தால் செலவு. ஒரு நுனியைக் கிள்ளினால் பல கிளை விடும், கிளைதோறும் மொக்கு வரும் என்கிற தாவர நியாயத்தை, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் விஸ்தாரமாகப் பிரசங்கம் செய்வார். மொக்கு வந்த பிறகோ, ஏலக்காயைச் சல்லடையிலிட்டு மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரித்த பழைய பழக்கம் விடாமல், காம்புக்கு ஒன்றை மாத்திரம் நிறுத்தி மற்றவற்றை ஈவிரக்கமின்றிக் கழித்துவிடுவார்.

இவ்வளவு பிரயத்தனத்தையும் ஒரு தெருவிளக்கு கெடுத்தது. அந்த விளக்கு வேண்டுமென்று ஊராட்சி அலுவலகத்துக்கு மனுமேல் மனுவாக எழுதியவரும் அவரேதாம். மனு பலித்து, வாசலுக்கு நேரே எல்.இ.டி. விளக்கொன்று சூரியனின் இளைய சகோதரனைப் போல ஜொலிக்கத் தொடங்கிய வருஷம், கொல்லைப்புறத்துத் தொட்டிகள் புரட்டாசியிலேயே மொக்கு விட, வாசல் தொட்டிகள் ஐப்பசி பிறந்தும் இலைமேல் இலையாகத் தள்ளிக்கொண்டு நின்றன. எருவை மாற்றினார்; கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றினார்; கடைசியில் திருஷ்டிப் பூசணிக்காயும் கட்டினார்.

காரணத்தைச் சொன்னவன் வேளாண்மைக் கல்லூரியில் படிக்கும் எதிர்வீட்டுப் பையன். பகலின் நீளத்தைக் கொண்டே சில செடிகள் பூக்கும் பருவத்தை அறிகின்றன என்று 1920ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கார்னர், ஆலார்டு என்னும் இரு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். செடி மெய்யாக அளப்பது இரவின் நீளத்தையே என்பது பின்னால் தெளிவாயிற்று. செவ்வந்திக்கு நீண்ட, இடையறாத இருள் வேண்டும். நடுநிசியில் சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலும், இரவு குறுகிவிட்டதென்று ஏமாந்து மொக்கைத் தள்ளிப்போடும். ஓசூர்ப் பக்கத்தில் விலை ஏறும் நாளுக்குப் பூவை ஒத்திப்போட, வேண்டுமென்றே இரவில் விளக்கெரிப்பவர்களும் உண்டு. ஆனி மாதத்தின் மிக நீண்ட பகல்கூடப் பதின்மூன்று மணி நேரத்தை எட்டாத நம் சீமையில், இயற்கை இனாமாகக் கொடுக்கிற இருட்டை நம்மவர் மனுப் போட்டு விலக்கியிருக்கிறார்.

“பெரியப்பா, நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம், ராத்திரியில இருட்டா விட்டாப் போதும்” என்றான் பையன். ஒன்றும் செய்யாமலிருப்பது ஒன்றே அவருக்குத் தெரியாத வித்தை. அன்று முதல் அந்தி சாய்ந்ததும் தொட்டி தொட்டியாகச் சாக்குப் போர்த்தி, விடிந்ததும் விலக்குவதை நித்திய அனுஷ்டானமாக்கிக்கொண்டார். 2012ஆம் ஆண்டையொட்டித் தமிழகமே மின்வெட்டில் தவித்த காலத்தை ஊரார் சபித்தால், அதைப் பொற்காலமென்று அவர் ஸ்மரிக்கலானார். “ஏங்க, பேரப்புள்ளைக்குக் கூட இப்படி ராத்திரி முழிச்சுப் போர்த்திவிட்டதில்லையே” என்றாள் அம்மையார்.

கார்த்திகையில் செவ்வந்தி பூத்தது. பூத்த மறுநாளே அவர் முகம் வாடிவிட்டது. கிள்ளவோ, போர்த்தவோ, கழிக்கவோ இனி ஏதுமில்லை அல்லவா! அந்தச் சோகத்தை ஆற்றிக்கொள்ளும் உபாயமாக, பருவம் முடிந்ததும் தூரிலிருந்து வெடித்த கன்றுகளை வீட்டுக்கு ஐந்தாகத் தெரு முழுவதும் தானம் செய்தார். கூடவே நாள்தோறும் சென்று மேற்பார்வையும் செய்தார்.

மறு வருஷம் ஆவணியில், விளக்கை அணைக்கும்படி தெருவார் அத்தனை பேரும் கையொப்பமிட்ட மகஜர் ஒன்று ஊராட்சி அலுவலகத்தை அடைந்தது. எழுத்தர் பழைய கோப்பைப் பிரித்து, விளக்குக் கோரும் மனுவையும் விளக்கு வேண்டாமென்னும் மனுவையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒரே கையெழுத்தென்று கண்டு, “ஐயா, இதுல நாங்க எதை அமல்படுத்தறது?” என்று கேட்டார்.

“ரெண்டையுந்தான் தம்பி. கார்த்திகை வரைக்கும் இது, மார்கழியிலேருந்து அது” என்றார் கணக்குப்பிள்ளை, சற்றும் தயங்காமல்.