சிலிண்டரும் நாலு ரதவீதியும்

இரண்டு வருஷமாக நெல்லையில் நாலு ரதவீதியையும் சுற்றிவருகிறேன். பக்தியால் அல்ல, சர்க்கரையால். ஆட்டோக்காரர்கள் ஏச ஏச நடந்து கீழ ரதவீதிக்கு வரும்போது இருட்டுக்கடை திறந்திருக்கும். நூறே நூறு கிராம் அல்வா. வாழையிலைத் துண்டில் சுடச்சுட வாங்கி, விரலில் வழியும் நெய்யையும் நக்கிவிட்டு வீடு திரும்புவேன். வரிசையில் நின்றதும் உடற்பயிற்சிக் கணக்குதான்.

போன மாசம் சிலிண்டர் வந்தது. வாசலோடு இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே கேஸ் 14.2 கிலோ, இரும்போடு முப்பது கிலோ பக்கம். "நான் தூக்குதேன்" என்று குனிந்தேன். சிலிண்டர் அசையவில்லை, என் இடுப்பு அசைந்தது. வீட்டுக்காரி முந்தானையைச் செருகிக்கொண்டு, சிலிண்டரைச் சரித்து, அடிவிளிம்பிலேயே உருட்டி அடுக்களைக்குள் கொண்டுபோனாள். போகிற போக்கில், "தெனமும் எங்கதான் போயிட்டு வாரிய?" என்றாள்.

டாக்டரிடம் நியாயம் கேட்டேன். நடை இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லது, ரத்த அழுத்தத்தையும் இறக்கும் என்றார். ஆனால் முப்பதைத் தாண்டினால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுமாம். பாரம் தூக்கினால்தான் நிற்குமாம். சாப்பாட்டுச் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வதே தசைதானாம். எலும்பும் உறுதிப்படுமாம். வாரம் 150 நிமிஷமாவது வேக நடை, கூடவே இரண்டு நாள் தசைப்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனமே 2020இல் சொல்லியிருக்கிறது. ஒன்றைச் செய்தால் மற்றது தள்ளுபடி என்று நானாக நினைத்திருந்தேன்.

பாரம் தூக்கு என்று அந்த நிறுவனம் ஜெனீவாவிலிருந்து சொல்லவேண்டுமா? பணகுடிப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றைக்கும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள், பெண்கள் உட்பட. வழவழ உருண்டை, பிடிக்க ஒரு காது கிடையாது. முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்குத் தள்ளிப் பின்னால் போடவேண்டும். நானும் ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடித்தவன்தான். உண்மையைச் சொன்னால், வடம்தான் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

ஜிம்மில் சேர்ந்தேன். பயிற்சியாளர் தம்பி 'ஸ்குவாட்' என்று கற்றுக்கொடுத்தது, சந்திப் பிள்ளையார் முன்னால் நான் சின்ன வயசில் போட்ட தோப்புக்கரணம்தான். காதைப் பிடிக்கவேண்டாம், மாசச் சந்தா கட்டவேண்டும். பிறகு கைக்கு ஒன்றாக இரண்டரைக் கிலோ டம்பெல் கொடுத்தான். அன்று ராத்திரி தோளைத் தடவிக்கொண்டே வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

அவள் விரல்விட்டு எண்ணினாள். "தெனம் நூறு கிராம், மாசம் இருவத்தஞ்சு நாளு... அந்த ரெண்டரைக் கிலோவத்தான ரெண்டு வருசமா வயித்துல தூக்கிட்டு அலைஞ்சிய?"