சோளகத்தைக் கேட்டு மோட்டர் வாங்குங்கள்

கேள்வி: என்னட்டை எட்டடி டிஷ் ஒண்டு இருக்குது. எல்லாச் செய்மதியையும் பிடிக்க ஆசை. எந்த மோட்டர் போடலாம்?
– வாசகர், பேசாலை

பதில்: ஆசைக்கு அளவில்லை, மோட்டருக்கு உண்டு. சிறிய டைசெக் மோட்டர் ஏறத்தாழ 1.2 மீட்டர் டிஷ்ஷோடு நின்றுவிடும். எட்டடியை அதில் ஏற்றுவது தெப்பத்தில் திமிங்கிலத்தை ஏற்றுகிற வேலை.

மிஞ்சுவது இரண்டு. தொடுவானம் முதல் தொடுவானம் வரை சுழலும் பல்சக்கர மோட்டர் கனதியானது, விலையும் கனதி. தண்டை நீட்டிச் சுருக்கும் 36 வோல்ட் 'ஜாக்' மலிவு. 66 பாகை இன்டெல்சாட் 17 முதல் 105.5 பாகை ஏசியாசாட் 7 வரை திருப்ப உங்களுக்கு ஜாக்கே போதும்.

ஆனால் சோளகக் காற்றிடமும் ஒரு சொல் கேளுங்கள். உங்கள் மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளை அழகுக்கு நடவில்லை. காற்றின் வேகம் இரட்டித்தால் டிஷ்மீதான அழுத்தம் நான்கு மடங்காகும். ஆகவே வலை டிஷ், தடித்த குழாய், ஆழமான கொங்கிறீற் அத்திவாரம். உப்புக்காற்றுக்குத் துருவேறா ஆணிகளும் கிறீசும் வேண்டும்.

அச்சை வடக்கு தெற்காக வைத்து 9 பாகை சாய்த்துவிடுங்கள். டிஷ் மேலும் ஒன்றரைப் பாகை தெற்கே குனியட்டும். பேசாலையில் அது கிட்டத்தட்ட உச்சிவானத்தையே பார்க்கும். வலை இல்லாத டிஷ் என்றால் நடுவில் துளை போடுங்கள். இல்லையேல் மாரியில் மழைத்தொட்டி இலவசம்.

வீட்டுக்காரி நாடகம் பார்க்கையில் மட்டும் டிஷ்ஷைத் திருப்பாதீர்கள். அந்த அழுத்தத்தைத் தாங்கும் அத்திவாரம் இன்னும் போடப்படவில்லை.