ஆர்ச்சைத் தாண்டினால் அரங்கு நிறையும்

ஆகஸ்ட் 2 ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ரேயின் பிறந்தநாள். 1861-இல் அந்தத் தேதி பார்த்து அவரைப் பெற்றெடுத்த தாயாருக்குத் தென்காசிப் பக்கத்து வேதியியல் ஆசிரியர்கள் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம். மெர்க்குரஸ் நைட்ரைட்டைத் தயாரித்தவர், 1901-இல் பெங்கால் கெமிக்கல்ஸ் கம்பெனியை நிலைநிறுத்தியவர், கல்லூரி அறை ஒன்றிலேயே சாமியார் மாதிரி வாழ்ந்தவர் என்பதெல்லாம் இருக்கட்டும். ஆகஸ்ட் 2 குற்றாலம் சீசனுக்குள் வருகிறதே, அதற்குத்தான் இந்த நன்றி.

வேதியியலின் மற்ற விசேஷ நாள்களுக்கு இந்தச் சாமர்த்தியம் போதாது. தனிம வரிசை அட்டவணை தந்த மெண்டலீஃப் பிப்ரவரி 8-இல் பிறந்து வைத்தார். தேசிய அறிவியல் நாள் பிப்ரவரி 28. அந்த மாதத்தில் பேரருவிக்குப் போனால் பாறையை நன்றாகப் பார்க்கலாம். அவகாட்ரோ எண்ணை மதித்து அக்டோபர் 23 அன்று காலை 6.02 மணியிலிருந்து மாலை 6.02 மணி வரை 'மோல் நாள்' கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அக்டோபரில் எங்களுக்குத் தண்ணீர் வரும்தான். ஆனால் அது சாரலோடு வருகிற தண்ணீர் இல்லை; இடியோடு வருகிறது. விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டு இடியைக் காட்ட முடியுமா?

இது மூடநம்பிக்கை இல்லை, சோதித்து அறிந்தது. சென்னையில் இருக்கும் ஒரு பேராசிரியரைப் பிப்ரவரியில் கூப்பிட்டால் அவருக்கு அன்றைக்கு வைவா இருக்கும், மறுநாள் மைத்துனர் வீட்டில் கிரகப்பிரவேசம் இருக்கும், அதற்கு மறுநாள் முதுகுவலி வருவதாக இருக்கும். அதே பேராசிரியரிடம் "சார், ஜூலைல ஒரு செமினார்..." என்று ஆரம்பித்தால் வாக்கியத்தை முடிக்க விடமாட்டார். "பொதிகை எக்ஸ்பிரஸ்ல போட்ருங்க. நாலு பேர்." சொற்பொழிவாற்றுவது ஒருவர். மற்ற மூவரும் ஆற்றுவது சொற்பொழிவில்லை, நீராட்டு.

இந்த வருஷத்துப் பட்டியலைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியாகிவிட்டது. ஜூலை இரண்டாம் வாரம் வேதியியல் மன்றத் தொடக்க விழா, மூன்றாம் வாரம் இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கு, கடைசி வாரம் புதிய மாணவர் வரவேற்பு, ஆகஸ்ட் 2 ரே நினைவுச் சொற்பொழிவு, அடுத்த சனிக்கிழமை பழைய மாணவர் சந்திப்பு. செப்டம்பர் பிறந்தால் பலகையில் தேர்வுக் கட்டண அறிவிப்பு மட்டும் தனியாகத் தொங்கும். நாக் தர மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்புகிற படிவங்களில் எத்தனையோ கட்டங்கள் இருக்கின்றன. எங்கள் கல்வியாண்டு தென்மேற்குப் பருவக்காற்றோடு தொடங்கி அதோடு முடிந்துவிடுகிறது என்று எழுத மட்டும் கட்டம் இல்லை.

கருத்தரங்கின் தலைப்பு 'வேதி அறிவியலின் அண்மைப் போக்குகள்'. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இதே தலைப்புதான். போக்குகள் எங்கேயும் போய்விடவில்லை. பேனரில் தேதிக்கு மேல் மட்டும் புதுத் தேதி ஒட்டிக்கொள்கிறோம். என்னை உணவு, வாகனக் குழுவில் போட்டிருப்பதால் விசாரிப்பவர்களின் போன் எனக்குத்தான் வரும். ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசித் தேதி என்ன என்று கேட்பவர் அபூர்வம். "தண்ணி நல்லா விழுதா சார்?" என்பதுதான் கேள்வி. பெயர்ப்பதிவு மேஜையில் பையும் பேனாவும் கொடுக்கிறோமே, அதில் ஒரு துண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று ஒரு முனைவர் யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். தணிக்கைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

தொடக்க விழா 9.30-க்கு என்று அழைப்பிதழில் இருக்கும். அது ஒரு நல்லெண்ணம். முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து. இந்தப் பாட்டில் எங்களுக்குக் கொஞ்சம் உரிமை ஜாஸ்தி. 1891-இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தில் உள்ளது. அதை எழுதிய சுந்தரனார் பெயரில்தான் 1990-இல் எங்கள் பல்கலைக்கழகம் பிறந்தது. திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு வரும் வழியில் அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. 2021 டிசம்பரில் இதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசு, 55 விநாடியில் பாடி முடிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. இரண்டு நாள் கருத்தரங்கில் குறித்த நேரத்தில் முடிகிற நிகழ்ச்சி அது ஒன்றுதான். வரவேற்புரைக்கும் அப்படி ஓர் அரசாணை வந்தால் கோடிப் புண்ணியம்.

1884-இல் லெ சாட்லியே என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு விதி சொன்னார். சமநிலையில் இருக்கும் ஓர் அமைப்பை நாம் தொந்தரவு செய்தால், அந்தத் தொந்தரவைக் குறைக்கிற பக்கமாக அது நகர்ந்துகொள்ளும். பிளஸ் டூவில் அம்மோனியா தயாரிப்பை வைத்து இதை நடத்துவார்கள். எங்களுக்கு அம்மோனியா தேவையில்லை. இந்தப் பக்கம் அரங்கு, ஐந்து கிலோமீட்டர் தள்ளி அந்தப் பக்கம் அருவி, நடுவே இரு திசையிலும் அம்புக்குறி. காலையில் சமநிலை ஒழுங்காக இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் 94 ஸ்லைடுகளோடு மேடையேறி அழுத்தம் கொடுத்தார் என்றால் அமைப்பு வலப்பக்கம் நகர்ந்துவிடும்; துண்டோடு. சான்றிதழை நிறைவு விழாவில்தான் கொடுப்போம் என்று கட்டிப்போட்டுப் பார்த்தோம். தலையில் ஈரம் சொட்டச் சொட்ட வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மையெழுத்து கரையாமலிருக்க லேமினேட் செய்து தரச் சொன்னார் ஒருவர்.

எதிர்த் திசைக்கு அமைப்பைத் தள்ளக்கூடிய சக்தி ஒன்றுதான். மேலே காட்டில் மழை பலமாகப் பிடித்து, பேரருவித் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினால் போலீசார் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் அதே கதை. இதை முதலில் அறிவது வானிலை மையம் அல்ல, எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணாச்சி. வராந்தாவில் நின்று மலைப்பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். யாருக்கோ போன் போடுவார்.

"சார், ஆர்ச்சத் தாண்டிட்டாம். இன்னைக்கு ஒருத்தரையும் விடமாட்டான். பந்திக்கு இன்னொரு முப்பது இல சேத்துப் போடச் சொல்லிருதேன்."

அன்றைக்கு அரங்கில் நிற்க இடமிருக்காது. பேசுகிறவர் இத்தனை கூட்டமா என்று உணர்ச்சிவசப்பட்டு இன்னும் இருபது ஸ்லைடு போடுவார். எங்கள் துறைத்தலைவர் மேடம் காசிவிசுவநாதர் கோவிலில் என்ன வேண்டிக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியும். ஊரே சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பிழைக்கும்போது அதைச் சத்தமாகச் சொல்ல முடியாது.

ஒரு முறை வந்தவர் சோப்பு மூலக்கூறைப் பற்றி அருமையாகப் பேசினார். அதன் வால் எண்ணெயைப் பிடிக்கும், தலை தண்ணீரைப் பிடிக்கும், பத்து நூறு மூலக்கூறுகள் கூடி அழுக்கை நடுவில் வைத்து உருண்டை கட்டிக்கொண்டு ஓடும், ஓடிய பிறகு ஆற்றில் இருக்கும் உயிர்களை என்ன பாடுபடுத்தும் என்று விளக்கியபோது கைதட்டல் அடங்கவில்லை. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருப்பதையும் பாராட்டினார். மாலையில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, தலை முதல் கால் வரை பளபளவென்று பேரருவிப் படிக்கட்டில் இறங்கியவரின் கையில் நீல நிற சோப்பு டப்பா. போலீஸ்காரர் நிறுத்தினார். "நான் கெமிஸ்ட்ரி புரொபசர்" என்றார் இவர். "அப்ப உங்களுக்கே தெரியும்லா சார்" என்றார் அவர். அந்த இரண்டு நாளில் நடந்த ஆகச் சிறந்த கலந்துரையாடல் அதுதான் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சாரல் என்றால் கவிதை. எங்கள் ஆய்வகத்தில் அதற்குள் நின்று வேலை பார்க்க வேண்டும். ஜூன் மாதம் காற்று திரும்பியதும் சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டிலைத் திறந்தால் வில்லைகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்கும். ஈரத்தை உறிஞ்சட்டும் என்று தட்டில் வைக்கிற கால்சியம் குளோரைடு, மறுநாள் காலை தானே தண்ணீராகித் தட்டில் படுத்திருக்கும். டெசிக்கேட்டருக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும். அண்ணாச்சி அதை அவனில் வறுத்து மறுபடி நீலமாக்குவார். மத்தியானத்துக்குள் அது மறுபடி வெட்கப்படும். அகச்சிவப்பு நிறமாலை எடுக்கப் பொட்டாசியம் புரோமைடில் வில்லை போட்டால் அது கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். எங்களுடையது காலை நேரத்து பஸ் ஜன்னல் மாதிரி இருக்கும். எந்தச் சேர்மத்தை எடுத்தாலும் 3400 பக்கத்தில் அகலமாக ஒரு பள்ளம். ஆல்கஹாலா என்று கேட்பார்கள். ஆல்கஹால் இல்லை ஐயா, ஆடி மாதம்.

இந்தச் சூழலில் எங்கள் ஆய்வு மாணவன் ஒருவன் ஷிஃப் பேஸ் தயாரித்தான். எங்கள் பக்கம் வேதியியல் ஆய்வென்றால் பாதிப் பேருக்கு ஷிஃப் பேஸ்தான். 1864-இல் அதைக் கண்டுபிடித்த ஹியூகோ ஷிஃப் தென்மாவட்டக்காரர் என்றே பையன்கள் நினைக்கிறார்கள். அமீனையும் ஆல்டிஹைடையும் சேர்த்தால் தண்ணீர் ஒன்று வெளியேறி இரண்டும் இணையும். வெளியேறிய தண்ணீரை அப்புறப்படுத்தாவிட்டால் அது திரும்பி வந்து கட்டியதைப் பிரித்துவிடும். இங்கேயும் லெ சாட்லியேதான். பையன் எடை போட்டுப் பார்த்தான். ஈல்டு 112 சதவீதம். கணக்குப்படி கிடைக்க வேண்டியதைவிட எடுத்தது அதிகம். இயற்கை விதிகளுக்கு விரோதமான இந்த வெற்றியை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தான்.

போன முறை நடந்த கருத்தரங்கில் அவன் போஸ்டர் ஒட்டியிருந்தான். விருந்தினர்கள் அதன்முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். "வெரி குட்" என்றார்கள். கேள்வி நேரத்தில் மைக் அவன் பக்கம் வந்தபோது அடுத்தவனிடம் தள்ளிவிட்டான். முதல் வரிசையில் முதல்வரும் மூன்று முன்னாள் துறைத்தலைவர்களும் உட்கார்ந்திருக்கும்போது எந்த மாணவன் வாயைத் திறப்பான்?

அன்று இரவு விருந்தினரைப் பிரானூர் பார்டருக்கு அழைத்துப் போனோம். அழைப்பிதழில் இல்லாத இந்த நிகழ்ச்சிதான் எல்லோரும் எதிர்பார்த்து வருவது. இன்றைக்கு எந்த எல்லையும் அங்கே இல்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. அது நம் பக்கம் வந்த பிறகும் பார்டர் என்ற பெயரைப் புரோட்டாக் கடைகள் விடவில்லை. மாஸ்டர் மைதா மாவை ஓங்கி அடித்து, இழுத்து, விசிறி, சுருட்டுகிறார். மாவிலிருக்கும் இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டு வலை பின்னிக்கொள்வதால்தான் அது கிழியாமல் விரிகிறது என்று விருந்தினர் ஆரம்பித்தார். கல்லில் அது பொன்னிறமாவதற்கு 1912-இல் மயார் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் காரணம் சொன்னதைச் சேர்த்துக்கொண்டார். நாட்டுக்கோழி வறுவல் வந்தது. சால்னா வந்தது. பையன் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். இரண்டாவது புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே கேட்டுவிட்டான்.

"சார், ஈல்டு நூறுக்கு மேல வந்தா என்ன சார் அர்த்தம்?"

"எவ்வளவு?"

"நூத்திப் பன்னெண்டு."

அவர் சிரிக்கவில்லை. எதில் காய வைத்தாய், எத்தனை மணி நேரம், எடை போடும்போது ஜன்னல் திறந்திருந்ததா, உருகுநிலை பார்த்தாயா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு சால்னாக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "தம்பி, அதுல குறைஞ்சது பன்னெண்டு சதவீதம் குற்றாலம்" என்றார். டீன்-ஸ்டார்க் கருவியை எப்படி மாட்டி, டொலுவீனோடு சேர்த்து வெளிவரும் தண்ணீரை எப்படித் தனியாகப் பிடிப்பது என்பதைப் புரோட்டாத் துண்டுகளை வைத்து இலையிலேயே வரைந்து காட்டினார். அப்புறம் மேஜையில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கேள்வி முளைத்துவிட்டது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான் எழுந்தோம்.

இது எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. ரசிகமணி டி.கே.சி. தம் திருநெல்வேலி வீட்டில் நடத்திய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டமும் இந்த வகைதான். பின்னாளில் குற்றாலத்துக்கே வந்துவிட்டார். ராஜாஜியும் கல்கியும் அவர் விருந்தாளிகள். கம்பனும் வந்தான், இட்லியும் வந்தது. அங்கே யாரும் ஆய்வுச் சுருக்கம் கேட்டதாகவோ பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்ததாகவோ தெரியவில்லை. பொன்னாடை போர்த்தியிருந்தால் பேச்சு அன்றோடு நின்றிருக்கும்.

இதையெல்லாம் மேடத்திடம் நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. ரொம்பச் சந்தோஷப்பட்டு, இந்த ஜூலைக் கருத்தரங்கு நிரலில் 'நான்காம் அமர்வு: ஆய்வாளர் உரையாடல், இடம்: பிரானூர்' என்று சேர்த்துவிட்டார். வருகைப் பதிவேடு, பின்னூட்டப் படிவம், இடக்குறியோடு கூடிய புகைப்படம் எல்லாம் உண்டு. கோப்பு கணக்குப் பிரிவுக்குப் போனது. புரோட்டா வாங்க மூன்று கடைகளில் கொட்டேஷன் வேண்டும் என்று திரும்பி வந்தது. அண்ணாச்சி மத்தியானம் போனவர் இரவுதான் திரும்பினார். ஏன் இவ்வளவு நேரம் என்றேன்.

"சாப்பிட்டுப் பாக்காம எப்பிடி சார் வெல கேக்கது?"

மூன்று கொட்டேஷனையும் கொடுத்தோம். ஒப்பீட்டு அறிக்கையில் 'தரம்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது என்று கணக்குப் பிரிவு மறுபடி திருப்பிவிட்டது. அண்ணாச்சி திரும்பவும் பிரானூருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். 112 சதவீதப் பையனும் இன்னும் இரண்டு பேரும் கூடப் போகிறார்கள். ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவுக்கு வரக் கூடாதாம்.