கேக்காம வந்த தரகன்

ஏலே பேராண்டி, நேத்து சாயந்திரம் வரைக்கும் பாடிக்கிட்டுக் கெடந்த லேப்டாப்பு விடிஞ்சதும் ஊமையாயிட்டுன்னு மூஞ்சியத் தொங்கப்போட்டு வாரியே, ராத்திரி எவன் வந்துட்டுப் போனான்னு பாத்தியா?

“அப்டேட்டு ஆச்சு தாத்தா”ன்னு பெருமையா வேற சொல்லுதே! நல்லா இருக்குடே.

அந்த அப்டேட்டுதான் ஒன் சவுண்டு டிரைவர மாத்திருக்கும். டிரைவர்னா யாரு? கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் ஊடால நிக்க தரகன். மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள வெரலப் பிடிச்சு வெல பேசுவாம்லா, அவன்தான். ஒன் மாட்டுச் சுழி தெரிஞ்ச பழைய தரகன வெரட்டிட்டு, எவனோ வெளியூர்க்காரன உக்காத்தி வச்சா யாவாரம் படியுமா?

எங்க மில்லுலயும் இதே கூத்துதான். 11 வருசமா பில்லு அடிக்க பிரிண்டரு, ஒரு நா காலையில ‘நெல்லு 4 மூட்டை’க்குப் பதிலா கட்டங்கட்டமாக் கக்குது. சம்சாரி தாளத் திருப்பித் திருப்பிப் பாக்கான்.

2014ல இதவிடப் பெரிய கொடும. எஃப்டிடிஐன்னு ஒரு சில்லு கம்பெனி. அவன் டிரைவரு விண்டோஸ் அப்டேட்டு வழியா வந்து, போலிச் சில்லு வச்ச யுஎஸ்பி சாமானோட அடையாள நம்பரையே சைபராக்கிட்டு. போலின்னு வாங்குனவனுக்குத் தெரியுமா, பாவம்? தரகன் மாட்டுக்கே சூடு வச்சிட்டான். ஊரே கத்துன பொறவுதான் திருப்பி எடுத்தாவ.

சரி, அழாத. டிவைஸ் மேனேஜரத் தொற. சவுண்டுங்கத விரிச்சு, உள்ள இருக்க சாமான் மேல ரைட் கிளிக்கு, ப்ராபர்டீஸ், டிரைவர், ரோல் பேக். ஏன் திருப்பி அனுப்புதேன்னு அது ஒங்கிட்ட வெளக்கம் கேக்கும் பாரு! வரும்போது நம்மள ஒரு வார்த்த கேட்டானா?

அதோட தூங்கிராதடே. அடுத்த அப்டேட்டுல கொல்லப்பக்கமா அதே ஆளு திரும்ப வருவான். ஆத்திரத்துல அப்டேட்ட மொத்தமா நிறுத்துத பயலுவளும் உண்டு. எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துவாவளா? கள்ளன் நொழையுத ஓட்டைய அடைக்கதும் அதே அப்டேட்டுதான.

விண்டோஸ் ப்ரோவா இருந்தா குரூப் பாலிசிக்குப் போ. விண்டோஸ் அப்டேட்டுப் பக்கத்துல ‘டூ நாட் இன்க்ளூட் டிரைவர்ஸ்’னு ஒரு வரி கெடக்கும். அத ‘எனேபிள்’ பண்ணணும். வேண்டாம்ங்கதுக்கு ஆமான்னு சொல்லணுமாம்! படிச்சவன் மூள எப்படி வேல செய்யுது பாத்தியா? ஹோம் வாங்குனவனுக்கு அந்தக் கதவே வைக்கல. அவன் ரிஜிஸ்ட்ரியத்தான் நோண்டணும்; கைப்பழக்கம் உள்ளவனக் கூட்டிக்கோ.

மில்லு பிரிண்டரு இன்னைக்கும் பழைய டிரைவர்லதான் ஓடுது. போ, நீயும் போயி சரிபண்ணு. பாட்டு வந்ததும் சத்தத்தக் கொறச்சு வையி, நான் செத்த கண்ணசரணும்.